சாகுலுக்குப் போன பந்து

முட்டுதான் அண்ணாச்சி. வலது முட்டு. ஸ்கேன் எடுத்தாச்சு, டாக்டர் கூப்பிடணும், அதான் உக்காந்திருக்கேன். உங்களுக்கும் முட்டா? இடுப்பா. இடுப்பு கொஞ்சம் சள்ளைதான்.

கடைக்கு வாரவங்க கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுதேன். உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. நீங்க தென்காசிக்காரர், நான் பாளையங்கோட்டை, இனிமே எங்க பாக்கப் போறோம். பாஸ்கெட்பால் விளையாடி விழுந்தேன். ஆமா, இந்த வயசுலதான். சிரிங்க, பரவாயில்ல. என் வீட்டுக்காரியே சிரிச்சா.

ஆனா இது முட்டுக் கதை இல்ல. துரோகக் கதை. ஒருத்தன் எனக்குச் செஞ்ச துரோகம், அது எண்பத்தாறுல தொடங்கி இந்த முட்டு வரைக்கும் வந்து நிக்கி.

நான் படிச்சதும் பாளையங்கோட்டையிலதான். எந்தக் காலேஜுன்னு வேண்டாம், சொன்னா எனக்கு வயித்தெரிச்சல் கூடும். பாஸ்கெட்பால்னா அந்தக் காலத்துல எங்க காலேஜுதான். பி.டி. ரூம் வாசல்ல ஒரு கறுப்புப் பலகை தொங்கும். அதுல மஞ்சப் பெயிண்ட்ல பேரு எழுதியிருக்கும். ஒரே ஆட்டத்துல அதிகமா பாயிண்ட் போட்டவன் யாரு, ஒரு வருஷத்துல அதிகமா போட்டவன் யாரு, இப்படி. சாதனைக்காரங்க பலகைன்னு சொல்லுவோம். ஒரு வருஷத்துல அதிகப் பாயிண்ட், அல்போன்ஸ் ராயன்னு போட்டிருக்கும். அவர் எனக்கு ரொம்ப முந்தின செட்டு. ஆளை நான் பாத்ததே இல்ல. ஆனா முதல் வருஷம் காலேஜுக்குள்ள நுழைஞ்ச அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அந்தப் பேரை அழிச்சு அங்க டேவிட் ஞானதுரைன்னு எழுத வைக்கணும்னு.

பேச்சிமுத்து அதே வருஷம்தான் சேர்ந்தான். அவன்தான் ஆளு. நான் சொல்ல வந்த ஆளு. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், ஹாஸ்டல்ல இருந்தான். குள்ளம். பந்தைத் தட்டிக்கிட்டு நாலு பேரு காலுக்கு நடுவுல புகுந்து வெளிய வந்துருவான், ஆனா கூடையில போட மாட்டான். யாருக்காவது கொடுத்துருவான். அது அவன் வேலை. டீம்ல அப்படி ஒருத்தன் வேணும்லா.

அவனுக்கு நான் என்னெல்லாம் செஞ்சிருக்கேன் தெரியுமா? ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டுலதான் சாப்பாடு. எங்கம்மா அவனுக்குன்னு மீன் தலையை எடுத்து வைப்பா. போட்டு விளையாட அவனுக்கு ஷூ கிடையாது. நான் புது ஷூ வாங்கினதும் பழசை அவனுக்குக் கொடுத்துட்டேன். என் கால் பெருசு, அவன் கால் சின்னது, முன்னாடி துணியை அடைச்சுப் போட்டுக்கிட்டான். ரெண்டு வருஷம் அதைத்தான் போட்டான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. சொல்லுததுக்கு என்ன இருக்கு, நல்ல ஷூ அது.

கடைசி வருஷம் எனக்கு அப்படி ஒரு வருஷமா அமைஞ்சுது. தொட்டதெல்லாம் கூடை. மத்தவனெல்லாம் பந்துக்கு அலைவான். நான் அலைய வேண்டியதே இல்ல. ஓடிப் போய் ஒரு இடத்துல நின்னு திரும்பினா பந்து என் கையில இருக்கும். எனக்கு அப்படி ஒரு ராசி. திருநெல்வேலி முழுக்க என்னைப் பத்திப் பேச்சு. ஜெபமணி சார்னு எங்க பி.டி., அவர் எல்லாத்தையும் கணக்கு வைப்பார். பல்கலைக்கழகப் போட்டி ஃபைனலுக்கு முந்தின நாள் கூப்பிட்டுச் சொன்னார், "துரை, நாளைக்கு இருபத்தேழு போட்டா அல்போன்ஸைத் தாண்டிருவ." இருபத்தேழு எனக்குப் பெரிசா?

அன்னைக்கு மத்தியானம் பேச்சியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சாப்பிட வச்சேன். சாப்பிடும்போதே சொன்னேன்.

"ஏல பேச்சி, நாளைக்கு எனக்குப் பாத்துக்கோ."

"உனக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கப் போறேன்?" அப்படின்னான்.

எங்கம்மா சாட்சி. இப்ப அவ இல்ல, ஆனா இருந்தா சொல்லுவா. இதைத்தான் நீங்க மனசுல வச்சுக்கிடணும். நான் கேக்காம இருந்து அவன் கொடுக்காம இருந்தா அது வேற. கேட்டேன். சரின்னான். என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டுச் சரின்னான்.

மறுநாள் ஃபைனல். மதுரை டீம். கூட்டம்னா கூட்டம், மதில் மேலயெல்லாம் ஆளு. மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரங்க டீமுக்கு ஆள் எடுக்க வந்திருந்தாங்க. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர் முன் வரிசையில உக்காந்திருந்தார். எடுத்துட்டாங்கன்னா வேலை, ஊர் ஊராப் போய் விளையாட்டு. எல்லாருக்கும் தெரியும், அவர் யாருக்காக வந்திருக்கார்னு. எனக்காகத்தான்.

கடைசி நிமிஷம். நான் இருபத்தஞ்சு போட்டாச்சு. ஒரே ஒரு கூடை. எங்க காலத்துல எங்கிருந்து போட்டாலும் ரெண்டுதான், ரெண்டு போட்டா இருபத்தேழு. டீமும் ஒரு பாயிண்ட் பின்னாடி நிக்கி. நான் போட்டா எல்லாம் முடிஞ்சுது. அல்போன்ஸும் முடிஞ்சார், மதுரையும் முடிஞ்சுது.

பந்து பேச்சி கையில. புகுந்து வாரான். நான் ரிங்குக்கு இடப்பக்கம் நிக்கேன். ரெண்டு பேரு என் மேல தொங்கிட்டு நிக்கானுவ, முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். அதெல்லாம் எனக்குப் புதுசா? வருஷம் பூரா என் மேல எவனாவது தொங்கிட்டுத்தான் நின்னான். கையைத் தூக்கி "பேச்சி"ன்னு சத்தம் போட்டேன்.

பாத்தான். அதைத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி, பாத்தான். பாக்காம விட்டிருந்தா மன்னிச்சிருப்பேன். என் கண்ணை நேராப் பாத்தான். பாத்துட்டுப் பந்தை அந்தப் பக்கம் கொடுத்துட்டான்.

அங்க சாகுல் நிக்கான். சாகுல் ஹமீது, மேலப்பாளையத்துப் பையன், முதல் வருஷம். மதுரைக்காரன் எவனும் அவனை மறிக்கப் போகல. யாரு போவா அவன்கிட்ட? தனியா நின்னான். பந்து வந்தது அவனுக்கே ஆச்சரியம். வாங்கிக் கூடையில போட்டான். விசில் ஊதிட்டாங்க.

சாகுலைத் தூக்கிட்டு கோர்ட்டைச் சுத்தி வாரானுவ. நான் கையைத் தூக்கினபடியே நிக்கேன்.

கோப்பையா? கிடைச்சுது, கிடைச்சுது. ரொம்ப வருஷம் கழிச்சு எங்க காலேஜுக்கு அப்பத்தான் கிடைச்சுதுன்னு மறுநாள் லீவு விட்டாங்க. அதை விடுங்க. பலகையில அல்போன்ஸ் பேரு அப்படியே இருந்துச்சு. ஒரு பாயிண்ட். ஒரே ஒரு பாயிண்ட் கம்மி எனக்கு.

அதோட போச்சா? அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் நேரா நடந்து வந்தார். என்கிட்டதான் வாராருன்னு நான் சட்டையெல்லாம் சரி பண்ணிக்கிட்டேன். தாண்டிப் போய் பேச்சி தோள்ல கை வச்சார். ஒரு ஆள்தான் எடுத்தாங்க எங்க டீம்ல. அவனைத்தான் எடுத்தாங்க.

நான் சும்மா விடல. பின்னாலயே போய்க் கேட்டேன், "சார், இருபத்தஞ்சு பாயிண்ட் போட்டது நான்" அப்படின்னு. அவர் மரியாதையாத்தான் பேசினார். "பாத்தேன் தம்பி. போடுததுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு. கொடுக்கத்தான் ஆள் இல்ல" அப்படின்னுட்டுப் போயிட்டார். இதுக்கு என்ன அர்த்தம்னு நான் எத்தனையோ நாள் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரே அர்த்தம்தான். பேச்சி முன்கூட்டியே போய்ப் பேசி வச்சிருக்கான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அந்தத் தைரியத்தைப் பாருங்க. நான் உள்ள படுத்துக்கிட்டு, தூங்குதேன்னு சொல்லச் சொல்லி அம்மாவை அனுப்பினேன். போனவ திரும்பி வரவே இல்ல. எட்டிப் பாக்கேன், அடுக்களையில அவனை உக்கார வச்சு இட்லி வச்சுக்கிட்டிருக்கா. வேலை கிடைச்சதைச் சொல்லுதான், இவ கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கேக்கா. பெத்த தாய். அவளுக்கு விவரம் தெரியாது, சரி. இருந்தாலும்.

அவன் மெட்ராஸ் போயிட்டான். நான் எங்கப்பா ஹார்டுவேர் கடையில உக்காந்துட்டேன். ஆணி, பெயிண்டு, பைப்பு. கடை நல்லாத்தான் ஓடுது, குறை சொல்லக் கூடாது. ஆனா ஒருத்தன் வந்து "ஒரு இஞ்ச் பைப்பு கொடுங்க"ன்னு கேக்கும்போது சில நேரம் தோணும், நான் கொடுக்கப் பிறந்தவன் இல்லையேன்னு. போடப் பிறந்தவன்.

கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். போகல. எங்கப்பா தவறினப்ப மெட்ராஸ்ல இருந்து ராத்திரி பூரா பஸ்ல வந்து, கல்லறைத் தோட்டம் வரைக்கும் கூடவே நடந்து, மண்ணு போட்டுட்டுப் போனான். என்கிட்ட வந்து கையைப் பிடிச்சான். நான் கையைக் கொடுத்தேன், வார்த்தை கொடுக்கல.

இப்ப ரிட்டையர்டு ஆகி இங்கேயே வந்துட்டான். பெருமாள்புரத்துல வீடு.

போன மாசம் காலேஜுல பவள விழா. புதுசா உள்ளரங்கம் கட்டி, பழைய பலகையைத் தூக்கிட்டு, கண்ணாடியில லைட்டெல்லாம் வச்சுப் புதுப் பலகை மாட்டியிருக்காங்க. என் மக பெனிட்டா சென்னையில இருந்து வந்திருந்தா. "அப்பா, உங்க பேரு இருக்கும்லா, வாங்க போவோம்"னா. ஜாய்ஸும் பட்டுச் சேலை கட்டிட்டா. ஜாய்ஸ்னா என் வீட்டுக்காரி. எனக்கும் ஒரு நப்பாசை. ரெண்டாவது ஆள் பேரையும் போட்டிருப்பாங்களோன்னு.

போய்ப் பாத்தா முதல் ஆள் பேரு மட்டும்தான். அதுவும் அல்போன்ஸ் இல்ல. அவரையே தூக்கிட்டாங்க. இப்பத்தான் ஒரு நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால ஒரு பையன் எங்க கணக்கையெல்லாம் எங்கேயோ தாண்டிப் போட்டுட்டானாம். தாண்டாம என்ன, இப்பத்தான் தூரத்துல கோடு போட்டு அங்க இருந்து போட்டா மூணுன்னு ஆக்கிட்டாங்களே.

ஜாய்ஸ் அதைப் பாத்துட்டுச் சொல்லுதா, "அப்போ அன்னைக்கு நீங்க அந்தக் கூடையைப் போட்டிருந்தாலும் இன்னைக்கு உங்க பேரு இங்க இருந்திருக்காதுல்லா?"

அவளுக்கு விளையாட்டு தெரியாது.

அதுக்குக் கீழ இன்னொரு வரி. அதிக அசிஸ்ட், மு. பேச்சிமுத்து. இன்னைக்கு வரைக்கும் எவனும் தாண்டல. அசிஸ்ட்னா உங்களுக்குத் தெரியாதுல்லா. ஒருத்தன் கொடுத்த பந்தை வாங்கி இன்னொருத்தன் கூடையில போட்டா, கொடுத்தவன் கணக்குல அது ஒரு அசிஸ்ட். இப்ப நீங்களே சொல்லுங்க. அவன் கொடுத்ததுல முக்காவாசி எனக்குக் கொடுத்தது. நான் போட்டதாலதான் அது அசிஸ்ட் ஆச்சு. நான் போடலைன்னா அவன் பேரு அந்தக் கண்ணாடிக்குள்ள எப்படி வரும்? என் உழைப்பு, அவன் பேரு.

இதையே மனசுல போட்டு உருட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அவனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துதாங்க. மைக்கைப் பிடிச்சுச் சொல்லுதான், "அந்தப் பலகையில என் பேரு இருக்கு, ஆனா அது என் சாதனை இல்ல. நான் கொடுத்தேன், ஞானதுரை போட்டான். அவன் போடலைன்னா என் பேரு அங்க இல்ல. துரை இங்கதான் உக்காந்திருக்கான். ஏல துரை, மேல வா."

நான் மனசுல வச்சிருந்ததை அப்படியே எடுத்துப் பேசிட்டான் அண்ணாச்சி. அதையாவது எனக்குன்னு விட்டு வச்சிருக்கலாம்லா. இனிமே நான் யார்கிட்ட போய் அதைச் சொல்ல முடியும்? அவன் சொன்னதைத்தான் இவன் சொல்லுதான்பாங்க.

நான் எந்திரிக்கல. ஜாய்ஸ் இடிக்கா, பெனிட்டா கையைப் பிடிச்சு இழுக்கா. நான் மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். கைதட்டினவங்க தட்டித் தட்டி ஓய்ஞ்சுட்டாங்க. கடைசில அவனே இறங்கி வந்து, அவனுக்குப் போட்ட பொன்னாடையைக் கழத்தி எனக்குப் போட்டுட்டான். எல்லாரும் மறுபடியும் கைதட்டு. யாருக்குன்னு நினைக்கீங்க? அவனுக்கு.

அப்புறம் பழைய மாணவர்களுக்கு ஒரு ஆட்டம், சும்மா பத்து நிமிஷம். நான் வர மாட்டேன்னுட்டேன். பெனிட்டா அவகிட்ட இருந்த பையைத் திறந்து என் ஷூவை எடுக்கா. வீட்டுல இருந்தே கொண்டு வந்திருக்கா. சரின்னு இறங்கினேன். அவன் டீம்லயே என்னைப் போட்டுட்டாங்க.

உண்மையைச் சொல்லணும். ஓடிப் போய்த் திரும்பினேன், பந்து கையில இருந்துச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் என் ராசி போகல. போட்டேன். விழுந்துச்சு. இன்னொருக்கா திரும்பினேன், இன்னொண்ணு. பெனிட்டா எந்திரிச்சு நின்னு கத்துதா. ஒரு நிமிஷம் நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்னே வைங்க.

மூணாவது தடவை பந்து வந்தப்ப எனக்கு முன்னால ரெண்டு இளவட்டம் வந்து மறிச்சுட்டானுவ. ரிங்குக்குக் கீழ பேச்சி தனியா நிக்கான். கையைத் தூக்கிட்டு, "துரை, இங்க"ங்கான். நான் பாத்தேன். பாக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். நல்லாப் பாத்தேன். எதுக்குக் கொடுக்கணும்? ரெண்டு பேரையும் தாண்டி எகிறினேன். எகிறினதுதான் தெரியும். இறங்கும்போது முட்டுக்குள்ள ஒரு சத்தம்.

பந்தா? பந்து எங்க போச்சோ.

முதல்ல ஓடி வந்தவன் அவன்தான். அவன் கார்லதான் இந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தாங்க. பெனிட்டா சென்னைக்குப் போகும்போது அவன் நம்பரை வாங்கி, "மாமா, அப்பாவைப் பாத்துக்கிடுங்க"ன்னு அவன்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிட்டா. மாமாவாம். அன்னைல இருந்து ஒவ்வொரு தடவையும் அவன்தான் கூட்டிட்டு வாரான், கொண்டு விடுதான். ஜாய்ஸ் அவனுக்கு ஃப்ளாஸ்க்ல காப்பி ஊத்திக் கொடுத்து விடுதா. அன்னைக்கு எங்கம்மா, இன்னைக்கு இவங்க. என் வீட்டாளுங்க ஒருத்தர் கூட என் பக்கம் கிடையாது. இப்பவும் கீழதான் நிக்கான், காரைப் போட இடம் தேடிக்கிட்டு.

இன்னைக்குக் காலையில வரும்போது வண்ணார்பேட்டைகிட்ட டிராபிக்ல நின்னுட்டோம். கார்ல நாங்க ரெண்டு பேருதான். இதுக்கு மேல முடியாதுன்னு கேட்டுட்டேன்.

"பேச்சி, அன்னைக்கு ஏன் எனக்குக் கொடுக்கல?"

"என்னைக்கு?"

"ஃபைனல்ல. கடைசிப் பந்து."

திரும்பி என்னைப் பாத்தான். நடிக்கான்னு நினைச்சேன். நடிப்பு இல்ல, எனக்குத் தெரியும், அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா. நிசமாவே யோசிக்கான்.

"உனக்குத்தானல கொடுத்தேன்?"

"எனக்கா?"

"ஆமா. ரெண்டு பேரு உன் மேல தொங்கிட்டு நின்னானுவ. அதுலயும் நீ வாங்கிப் போட்டியே. மெட்ராஸ்ல எங்க டீம்காரங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லியிருக்கேன். என் பிள்ளைங்களுக்கெல்லாம் மனப்பாடம். அப்படித்தானே நாம ஜெயிச்சோம்?"

பின்னால ஹாரன் அடிக்கானுவ. அவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்துட்டான். எடுத்துட்டு, அந்த ஆட்டத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டே வாரான். நான் எப்படி எகிறினேன், எப்படி என்னைத் தூக்கிட்டு கோர்ட்டைச் சுத்தினாங்க, எல்லாம். சாகுல் பேரே வரல.

நாப்பது வருஷம் அண்ணாச்சி. ஒருத்தனோட பேசாம, கல்யாணத்துக்குப் போகாம, நாப்பது வருஷமா நான் வச்சிருந்தது அது. அவன்கிட்ட அது இல்லவே இல்ல. இருந்தாத்தானே நான் மன்னிக்கவாவது முடியும். இதுக்கு மேல ஒரு மனுசன் இன்னொருத்தனுக்கு என்ன துரோகம் செய்ய முடியும், சொல்லுங்க.

அந்தா, லிஃப்ட்ல இருந்து வாரான் பாத்தீங்களா, ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு. அவன்தான். இங்க வந்து உக்காருவான், உங்ககிட்ட ஊரு பேரு விசாரிப்பான், காப்பி குடிக்கச் சொல்லுவான். அப்புறம் ஃபைனல் கதையை எடுப்பான், கடைசிக் கூடையை இவன்தான் போட்டான்னு என்னைக் காட்டிச் சொல்லுவான்.

நீங்க ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம். அப்படியான்னு கேட்டுக்கிடுங்க.